நாற்பத்தேழாம் காட்சி

காலைச் சாப்பாட்டு மேசையில் உதவி இயக்குநர் மிர்லான் ஆளுக்கொரு தாள்கட்டு வைத்துக்கொண்டே வந்தான். ஒளிப்பதிவாளருக்கு ஒன்று, ஒப்பனைக்காரிக்கு ஒன்று, ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளருக்கு ஒன்று. பெகிமாயின் இடம் வந்ததும் கை தயங்கியது. அப்படியே தாண்டிப் போய்விட்டான்.

"மிர்லான், எனக்கு இல்லையா?"

"உங்களுக்கு எதுக்கு எஜே? எழுதினவங்களே நீங்கதானே."

தன்னைவிட மூத்த பெண்ணை எஜே, அதாவது அக்கா, என்று அழைக்காமல் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் இன்றைக்கு மிர்லானின் 'எஜே'யில் மரியாதையைவிடக் கெஞ்சல் கூடுதலாக இருந்தது.

"நான் எழுதினது வெள்ளைத் தாள். இது மஞ்சளா இருக்கே?"

மிர்லான் வாசலைப் பார்த்தான். காப்பாற்ற யாரும் வரவில்லை. ஒரு கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, தேநீர் ஊற்றிக்கொள்ளப் போவதுபோலப் போனவன் திரும்பி வரவேயில்லை.

திருத்திய காட்சிகளை மஞ்சள் தாளில் அச்சிடுவது அந்தக் குழுவின் வழக்கம். பதினொரு பக்கம். பெகிமாய் நின்றபடியே புரட்டினாள். நாற்பத்தேழாம் காட்சிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

'உர்குயா சாட்டையின் தோல்வாரைக் கையில் சுற்றிக்கொள்கிறாள். தூங்கும் கலிமாவை வெகுநேரம் பார்க்கிறாள். முகத்தில் பொறாமை. வாரைக் கழுத்தில் போடுகிறாள்.' அதற்குக் கீழே ஒரு வசனம்: 'எனக்குக் கிடைக்காதது உனக்கும் வேண்டாம்.'

இந்தக் கதைக்காகப் பெகிமாய் ஆறு வருடம் அலைந்திருந்தாள். உர்குயா அவள் கற்பனையில் பிறந்தவள் அல்ல. 1913இல் கிர்கிஸ் நாட்டு இஸிக்-குல் ஏரியின் தென்கரையில் கிஸில்-பெல் என்ற ஊரில் இருந்த ஜன்தாய் என்ற, மந்தை மந்தையாகக் குதிரை வைத்திருந்த பணக்காரனின் மூத்தாள் அவள். இளையாள் கலிமாவுக்குப் பத்தொன்பது வயது. ஒரு மார்ச் மாத விடியலில் கலிமா கழுத்து நெரிபட்டுக் கிடந்தாள். சக்களத்திப் பொறாமையில் மூத்தாள்தான் கொன்றாள் என்று ஜார் காலத்து நீதிமன்றம் தீர்ப்பெழுதி உர்குயாவை சைபீரியாவுக்கு அனுப்பியது. அவள் போய்ச் சேரவில்லை. வழியிலேயே செத்துப்போனாள்.

வழக்குக் கட்டில் உர்குயாவின் வாக்குமூலம் ரஷ்ய மொழியில் இருந்தது. 'என்னால் அவளைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை' என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் தீர்ப்பு. தேடத் தொடங்கி நான்கு வருடம் கழித்து, மேய்ச்சல் நிலத் தகராறு ஒன்றின் கட்டுக்குள் தவறித் தைக்கப்பட்டிருந்த வேறொரு தாள் பெகிமாயின் கையில் கிடைத்தது. உர்குயா பேசப் பேச ஊர்ப் பள்ளிவாசல் மொல்லா அரபி எழுத்தில் கிர்கிஸ் மொழியில் எழுதிய மூலம் அது. கீழே அவளுடைய கைநாட்டு. அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே பெகிமாய்க்கு எட்டு மாதம் ஆயிற்று. படித்துப் பார்த்தால், பொறாமை என்ற சொல் அதில் இல்லை. பொறுக்க முடியவில்லை என்பதும் இல்லை. 'ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது, நான் பட்டியில் இருந்தேன். திரும்பி வந்தபோது வீடு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கதவைத் திறந்தது என் புருஷன்.' அவ்வளவுதான் அவள் சொன்னது. ரஷ்ய மொழிக்கு மாற்றியவன் ஜன்தாயின் தங்கை புருஷன். அவன் பேனாவில் கதவு காணாமல் போய்ப் பொறாமை வந்து சேர்ந்தது.

இதைப் பெகிமாய் முதலில் சொன்னது தன் கணவன் எர்மெக்கிடம்தான். அவன் படம் எடுப்பவன். சமையலறையில் அவள் அந்தத் தாளைப் படித்துக் காட்டியபோது முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "இது படம், பெகிமாய். இதுதான் நம்ம படம்" என்றான். இன்றைய தம்பதி ஒன்றையும் கதைக்குள் கொண்டுவரலாம் என்றது அவன்தான். ஏரிக்கரைக்கு ஓய்வெடுக்க வரும் கணவன், மனைவி, பக்கத்து அறையில் தங்கும் ஒரு இளம்பெண். மனைவி பழைய கொலையைத் தோண்டத் தோண்ட, கணவன்மீது சந்தேகம் வளர்கிறது. கடைசியில் அவள் சந்தேகமும் தப்பு, அந்தப் பழைய தீர்ப்பும் தப்பு. இருவரும் உட்கார்ந்து பேசிப் பேசி அவள் எழுதியது இப்படித்தான்.

மஞ்சள் தாளில் அந்த மனைவி இளம்பெண்ணைப் படகிலிருந்து தள்ளி ஏரியில் மூழ்கடித்தாள். அங்கே வார் இறுக இறுக, இங்கே தண்ணீர் கொப்பளித்தது. இரண்டு கொலையும் மாறி மாறி வந்தன.

பெகிமாய் கோட்டை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். அக்டோபர்க் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. படத்துக்காகக் கட்டிய மண்வீட்டின் முன்னால் எர்மெக் நின்றிருந்தான். கலிமாவாகவும் இன்றைய இளம்பெண்ணாகவும் நடிக்கிற பெரிசாத்தின் தலையில் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"எர்மெக், நாற்பத்தேழை ஏன் மாத்தின?"

"ஷாட் நடக்குது."

"நடக்கல. லென்ஸ் துடைச்சிட்டிருக்காங்க. ஏன் மாத்தின?"

"அப்புறம் பேசலாம். ரூமுக்குப் போய்."

"ரூமுக்கு வந்தா தூங்கிடற. பத்து நாளா தூங்கிடற!"

விளக்குக்காரர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்து, இருமலாக மாறியது. தான் சொன்னது வேறெப்படியோ காதில் விழுந்திருக்கிறது என்று பெகிமாய்க்கு அப்போதுதான் உறைத்தது.

எர்மெக் சால்வையை விட்டான். "இப்பப் புரியுது. விஷயம் நாற்பத்தேழு இல்ல."

"விஷயம் நாற்பத்தேழுதான்!"

"நான் இந்தப் பொண்ணுக்குச் சால்வை கட்டிவிட்டேன். அது உனக்குப் பிடிக்கல."

"நான் சால்வையைப் பத்திப் பேசவே இல்லையே! உர்குயா கொலை பண்ணல எர்மெக். உனக்குத் தெரியும். அந்தத் தாளை உனக்குத்தான் முதல்ல படிச்சேன்."

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய வழக்கைப் பற்றி ஒருத்தி பேசுவதாக அவர்களில் ஒருவர் முகத்திலும் தெரியவில்லை. புருஷனை நடிகையோடு பார்த்துவிட்ட ஒருத்தியைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் பரிதாபமாக, மற்றவர்கள் ஆர்வமாக.

தயாரிப்பாளர் சபாரை அவள் கரகோல் கடைத்தெருவில் பிடித்தாள். எர்மெக்கின் பெரியப்பா மகன் என்பதால் அவளுக்கும் அவர் பைகே, அண்ணன் முறை. ஒரு கிண்ணம் அஷ்லியான்ஃபூவைக் காலிசெய்துவிட்டு இரண்டாவதைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். புளிப்பும் காரமுமான அந்தக் குளிர்ந்த நூடுல்ஸ் இல்லாமல் கரகோலில் அவருக்கு எந்தப் பேச்சும் நடக்காது.

அவள் மொல்லாவின் தாளின் நகலை அவர் முன்னால் விரித்தாள். வரிவரியாகப் படித்தாள். அவர் நூடுல்ஸை உறிஞ்சியபடியே கேட்டார். கதவைத் திறந்தது யார் என்ற இடத்தில் உறிஞ்சுவதை நிறுத்தவும் செய்தார்.

"அடேயப்பா" என்றார். "அப்ப ஜன்தாய்தான் கொன்னிருக்கான்."

"அதைத்தான் பைகே சொல்றேன்!"

"நல்லா இருக்கு. ஆனா தங்கச்சி, தியேட்டருக்கு வர்றவன் தாளைப் படிக்கவா வர்றான்? மூத்தாள் சக்களத்தியைக் கொன்னான்னா ஒரு நிமிஷத்துல புரியும். மொழிபெயர்ப்புல தப்புன்னா? நானே ரெண்டு கிண்ணம் சாப்பிட வேண்டியிருந்துச்சு."

"அது பொய், பைகே."

"சினிமா" என்று திருத்தினார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நான் உன் அண்ணன் மாதிரி. அந்தப் பொண்ணு பெரிசாத் நல்ல குடும்பம். தலாஸ்ல அவங்க அப்பா எனக்குப் பழக்கம். அப்பிடி எதுவும் இருக்காது. வீட்டு விஷயத்தை வீட்டுல பேசுங்க. படத்துக்குள்ள கொண்டு வராதீங்க."

பெகிமாய் தாளை மடித்தாள். நான் பொறாமைப்படவில்லை என்று சொல்கிறவளைவிடப் பொறாமைக்காரியாக யார் தெரிவாள்? சொல்லாமல் இருந்தாலும் ஒப்புக்கொண்டது மாதிரி. கடையை விட்டு வெளியே வரும்போது கைப்பேசி அடித்தது. மாமியார், நரினிலிருந்து. செய்தி மலையைத் தாண்டி அங்கே போய்விட்டது.

"குழந்தை, சாப்பிட்டியா? ஆம்பளை மனசு பனிக்கட்டி மேல வண்டி மாதிரி, கொஞ்சம் சறுக்கும். நீ பிரேக் போட்டு அமுக்காத. குடை சாஞ்சிடும்."

"அம்மா, ஸ்கிரிப்டைப் பத்திச் சண்டை."

"ஆமா ஆமா. அப்பிடியே சொல்லிக்கோ, எல்லார்கிட்டயும். அதான் மரியாதை."

மறுநாள் மத்தியானம் பெரிசாத்தே அவளைத் தேடிவந்தாள். கையில் பிளாஸ்க், இரண்டு கிண்ணம். ஒப்பனை வண்டியின் படியில் பக்கத்தில் உட்கார்ந்து பால்தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"எஜே, எங்கப்பா மேல சத்தியம். உங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. 'கொஞ்சம் கம்மியா நடி'ன்னு திட்டறதைத் தவிர அவர் என்கிட்ட வேற பேசினதே இல்ல."

"நான் உன்கிட்ட எதுவும் கேக்கலையேம்மா."

"கேக்கல. ஆனா பாக்கறீங்க."

அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை. நேற்றிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எர்மெக் எவ்வளவு நேரம் அவள் பக்கத்தில் நிற்கிறான், சிரிக்கும்போது எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று. ஊரே சொல்கிறபோது கண் தானாகப் போகிறது. எல்லாவற்றையும்விட அவளுக்கு எரிச்சலூட்டியது தனக்குள் வந்துவிட்ட அந்தத் துளிச் சந்தேகம்தான். வண்டி நிறையப் பாலிருந்தாலும் அதில் விழுந்த ஒரு துளி மோரைக் காட்டி, பார், புளித்திருக்கிறது என்பார்கள்.

"சரி, நாற்பத்தேழு படிச்சியா?"

"படிச்சேன். நான் தூங்கிட்டே செத்துடறேன். வசனமே கிடையாது."

"என்ன தோணுது உனக்கு?"

பெரிசாத் கிண்ணத்துக்குள் பார்த்தாள். "நல்லா இருக்கு எஜே. பயமா இருக்கு. உங்களோடது வந்து... கதவு கதவுன்னே இருந்துச்சு."

நாற்பத்தேழை வியாழக்கிழமை எடுத்தார்கள். வரக்கூடாது என்று நினைத்திருந்த பெகிமாய் வந்து ஒலிப்பதிவாளரின் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். உர்குயாவாக நடித்தவர் அனார்குல் எஜே. முப்பது வருடம் நாடக மேடையில் நின்றவர். வெளிச்சம் சரியாகும்வரை சாட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று எர்மெக்கைத் தாண்டிப் பெகிமாயைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இவளுக்கு எத்தனை குழந்தை?"

"மூணு. சின்னவனுக்கு எட்டு வயசு."

"கலிமாவோட எப்பிடி இருந்தா?"

"மொல்லா எழுதினதுல அவளை 'நம்ம பொண்ணு'ன்னு சொல்றா. ரெண்டு இடத்துல."

அனார்குல் எஜே சாட்டையைப் பார்த்தார். "நம்ம பொண்ணுன்னு சொன்னவ இந்த வசனத்தை எப்பிடிச் சொல்லுவா?"

"எஜே" என்றான் எர்மெக், சிரித்துக்கொண்டே, ஆனால் பல்லைக் கடித்து. "டைரக்டர் நான் இங்க நிக்கறேன்."

பெகிமாய் பெட்டிமேலிருந்து எழுந்துவிட்டாள். இதோ, ஒருத்தி கேட்டுவிட்டாள். இவர் மாட்டேன் என்று சாட்டையைக் கீழே போட்டால் போதும். அனார்குல் எஜே ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பெகிமாயிடம் மன்னிப்புக் கேட்பதுபோல லேசாகத் தலையசைத்துவிட்டுத் தன் குறியிட்ட இடத்தில் போய் நின்றுகொண்டார். "சொல்லுங்க, எங்கயிருந்து நடந்து வரணும்?"

நான்கு டேக். முதல் மூன்றில் காற்று கெடுத்தது. நான்காவதில் எல்லாம் கூடி வந்தது. அடுப்பின் செந்தணல் அனார்குல் எஜேயின் கன்னத்தில் ஏறி இறங்கியது. அவர் அந்தப் பெண்ணின் தலைமயிரை முதலில் ஒருமுறை தடவிக்கொடுத்தார். அது தாளில் இல்லாதது. அப்புறம் வார். வசனத்தை உதடு பிரியாமல், மூச்சாகச் சொன்னார். "கட்" என்று எர்மெக் சொல்லவே மறந்துபோனான். ஒப்பனைக்காரி அழுதாள். மிர்லான் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

பெகிமாயின் கண்ணும் நிறைந்துவிட்டது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. மோசமாக எடுத்திருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று ஆறியிருப்பாள். இது நம்பும்படி இருந்தது. உண்மை தெரிந்த அவளே அந்த ஒரு நிமிடம், ஆமாம், இவள்தான் கொன்றாள் என்று நம்பினாள்.

கிஸில்-பெல்லுக்கு அவள் அடுத்த நாள் போனாள். போகாமல் இருக்க வழியில்லை. உர்குயாவின் மகனுடைய பேத்தி சய்கால் அங்கே கால்நடை மருத்துவர். ஆறு வருடத்தில் மூன்று முறை அவள் வீட்டில் சாப்பிட்டு, தேநீர் குடித்து, 'இந்தப் படம் வந்தா உங்க குடும்பத்து மேல இருக்கற பழி போயிடும்' என்று பெகிமாய் தன் வாயால் சொல்லியிருந்தாள்.

சய்கால் ரப்பர் பூட்ஸோடு ஆட்டுப்பட்டியில் நின்று ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், பருத்த தோள். பெகிமாய் சொல்லி முடிப்பதற்குள் பதினான்கு ஆடுகளுக்குப் போட்டுவிட்டாள். ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப படத்துல எங்க உர்குயாதான் கொல்றா."

"ஆமா."

"நல்லா நடிச்சிருக்காங்களா?"

"ரொம்ப நல்லா."

சய்கால் அடுத்த ஆட்டைக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டாள். "என் பொண்ணு நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளையோட அத்தை கேட்டா, 'உர்குயா வம்சமா? பாத்துக்கோங்கப்பா, கையில வார் இருக்கப் போகுது'ன்னு. சிரிச்சிட்டேதான் கேட்டா. நாங்களும் சிரிச்சோம். என்ன செய்யறது? நூறு வருஷமா சிரிக்கறோம். இனிமே ஊர் மட்டும் இல்ல, நாடே சிரிக்கும்."

"நான் தடுக்கப் பாத்தேன், எஜே. யாரும் கேக்கல. என்ன சொன்னாலும் அந்த நடிகை மேல பொறாமைன்னு..."

ஊசியைப் பிடித்த கை நின்றது. முதல்முறையாகச் சய்கால் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லாத, களைத்த பார்வை.

"உனக்கும் அதே பழியா?" என்றாள்.

பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். "அந்த மொல்லா எழுதின தாள் இருக்கா உன்கிட்ட? அதைக் கொடு. படிக்கத் தெரியற எழுத்துல எழுதிக் கொடு. நீ எழுதிக்கிட்டு இரு, நான் இந்த முப்பதையும் முடிச்சிட்டு வரேன். தேநீர் அப்புறம்தான்."

பெகிமாய் பட்டியின் வேலிக்கட்டையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

படப்பிடிப்பு முடிந்து பிஷ்கெக் திரும்பியதும் தன் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிச் சபாருக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போனாள். எர்மெக் மூன்றாம் நாள் வந்து வாசலில் நின்றான். மெலிந்திருந்தான்.

"பெரிசாத்தை நான் தொட்டதில்ல, பெகிமாய்."

"தெரியும்."

"தெரியும்னா எதுக்கு வந்துட்ட?"

"நாற்பத்தேழுக்காக."

"ஒரு சீனுக்காக எவளாவது புருஷனை விட்டுட்டு வருவாளா?"

"நான் வந்திருக்கேன். நீ கண்ணால பாத்துட்டிருக்க."

அவன் அவள் முகத்தில் வேறெதையோ தேடினான். கிடைக்கவில்லை, கிடைக்காததையும் அவன் நம்பவில்லை. "நீ சொல்லமாட்ட. சரி" என்று படியிறங்கிப் போனான். அவன் போனதும் தங்கை சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "எனக்காவது சொல்லு, அந்தப் பொண்ணோட எவ்வளவு நாளா?" என்றாள். பெகிமாய் கையிலிருந்த துணியை விட்டெறிந்தாள்.

படம் மறு வருடம் வசந்தத்தில் வந்தது. நன்றாக ஓடியது. அனார்குல் எஜேக்குப் பரிசுகூடக் கிடைத்தது. பெகிமாய் டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். சொன்னபடி அவள் பெயரை எடுத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக, படம் தொடங்குமுன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது: 'இந்தப் படம் என் மனைவிக்கு.' முன்வரிசையில் ஒரு பெண் "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

கிஸில்-பெல் பண்பாட்டு மன்றத்தில் மே மாதம் திரையிட்டார்கள். அடுத்த நாள் காலை சய்கால் அழைத்தாள். பின்னணியில் மாடு கத்தியது.

"படம் முடிஞ்சதும் எழுந்து போய் முன்னாடி நின்னேன். 'போகாதீங்க, இன்னொரு பக்கம் இருக்கு'ன்னு சொல்லி நீ எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன்."

பெகிமாய் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். "எல்லாரும் இருந்தாங்களா?"

"எங்க? கதவுகிட்ட ஒரே தள்ளுமுள்ளு. படிச்சு முடிச்சு நிமிந்து பாத்தா ஏழு பேர். அதுல மூணு பேர் எங்க சொந்தம்."

"மீதி நாலு பேர் என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேர் ஒண்ணும் சொல்லல. ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாரு. கதவு வர்ற இடத்தை மட்டும். கேட்டுட்டு, 'அப்ப அவகூட உள்ள இருந்தது அவன் மட்டுந்தானே'ன்னாரு. அவ்வளவு நேரடியா இதுவரைக்கும் ஊர்ல யாரும் சொன்னதில்ல." சய்கால் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கடைசி ஆள்தான் கெடுத்துட்டான். டிராக்டர் ஓட்டறவன், துர்சுன்னு பேரு. 'இதை எழுதிக் கொடுத்தது அந்த டைரக்டரை விட்டுப் போன பொண்டாட்டிதானே, பொறாமையில எதையாவது எழுதியிருப்பா'ன்னான்."

பெகிமாய் கண்ணை மூடிக்கொண்டாள். கத்தவேண்டும் போலிருந்தது, தங்கையின் குழந்தைகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கியா?" என்றாள் சய்கால்.

"இருக்கேன். அந்த ஆள் சனிக்கிழமை ஊர்ல இருப்பானா?"

"துர்சுனா? உழவு நடக்குது, வயல்ல இருப்பான். எதுக்கு?"

"மூலத் தாளோட போட்டோவைப் பெருசா அச்சடிச்சுக் கொண்டுவரேன். கைநாட்டோட. அவன் முன்னாடி வச்சு எழுத்து எழுத்தா படிச்சுக் காட்டறேன்."

"அவனுக்குப் புரியும்னு நினைக்கறியா? அவன் பிடிச்ச பிடியை விடமாட்டான், கழுதை."

"புரியலன்னா ஞாயித்துக்கிழமையும் இருக்கேன்."

மறுமுனையில் மாடு மறுபடி கத்தியது. "சரி வா" என்றாள் சய்கால். "பூட்ஸ் போட்டுட்டு வா. வயல் முழுக்கச் சேறு."